முதலில் ஒரு நிமிடப் படம்: யாழ்ப்பாணத்தில் மாணவர் குறும்படம் எடுப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் முதல் குறும்படம் ஏழு நிமிடம் ஓடியது. அதில் அப்பம்மா பேசும் காட்சி இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் மேலே சுற்றிய ஃபானின் இரைச்சலுக்குள் அமுங்கிப் போயிருந்தது. குசினிக் காட்சியில் ரியூப் லைட் வெளிச்சம் கருத்த பட்டைகளாகத் திரையில் ஊர்ந்துகொண்டே இருந்தது. இரண்டையும் நாங்கள் கண்டது படப்பிடிப்பு முடிந்து பத்து நாள் கழித்து, லப்டொப்பில் போட்டுப் பார்த்தபோதுதான். அதற்குள் அப்பம்மா கொழும்புக்குப் போய்விட்டார்.

நல்ல கமரா இல்லாததால் வந்த வினை என்று அப்போது பேசிக்கொண்டோம். இப்போது யோசித்தால் அது சாட்டு. எடுத்ததை லப்டொப்பில் ஏற்றி, வெட்டி ஒட்டி, ரீவியில் ஓட விட்டுப் பார்க்கும் முழுச் சுற்றையும் ஒரு தடவைகூட நாங்கள் முடித்ததில்லை. நேரே உண்மையான படத்துக்குள் குதித்துவிட்டோம். அதனால்தான் இந்த வழிகாட்டி கமராவில் தொடங்கவில்லை.

படி 1: ஒத்திகைப் படம்

ஒரு நிமிடம் ஓடும் படம் ஒன்றை ஒரு சனி ஞாயிறில் எடுத்து முடியுங்கள். கதை தேவையில்லை. ஒருவர் சைக்கிளில் வருகிறார், கேற்றைத் திறக்கிறார், சைக்கிளை வேலியில் சாத்துகிறார், கிணற்றடியில் முகம் கழுவுகிறார், உள்ளே போய் ஒரு வசனம் பேசுகிறார். ஆறு ஷொட் போதும். வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று, அறைக்குள் ரியூப் லைட்டில் ஒன்று, வசனத்தோடு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். பிறகு அதை லப்டொப்பில் ஏற்றி, வெட்டி, தமிழில் தலைப்புப் போட்டு, பென் டிரைவில் எடுத்து வீட்டு ரீவியில் ஓட விடுங்கள்.

படம் நன்றாக வராது. அதற்காகத்தான் எடுக்கிறோம். எங்கெங்கே பிழைத்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். கீழே உள்ள படிகளை அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு வாசியுங்கள். உங்களுக்கு வந்த பிழைக்கு மருந்து எங்கே இருக்கிறதோ அதை முதலில் பிடியுங்கள். கமராவின் எல்லா மெனுவையும் மனப்பாடம் செய்துவிட்டுப் படம் எடுக்கப் புறப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் இன்னும் புறப்படவே இல்லை.

படி 2: என்ன இருக்கிறது, என்ன வாங்குவது

கடந்த சில ஆண்டுகளுக்குள் வந்த நடுத்தர விலைப் போன் ஒன்று போதும். காசு கொஞ்சம் இருந்தால் முதலில் சட்டையில் குத்தும் வயர் மைக், அப்புறம் ரைபொட், அப்புறம் சிறிய எல்ஈடி லைட். கமரா கடைசி. இந்த வரிசையை மாற்றிச் செலவழித்தவர்களின் படங்களில் காட்சி பளிச்சென்று இருக்கும், பேசுவது கேட்காது.

கிம்பல் (கமரா ஆடாமல் பிடிக்கும் கருவி), பெரிய லைட், நல்ல கமரா எல்லாம் ஊரிலேயே இருக்கின்றன, கல்யாண வீடும் சாமத்திய வீடும் எடுக்கும் வீடியோகாரரிடம். ஆடியிலும் மார்கழியிலும் அவர்களுக்கு வேலை குறைவு. அந்த மாதங்களில் போய் மரியாதையாகக் கேட்டால் இரவல் தராவிட்டாலும் ஒரு மணி நேரம் இருந்து காட்டித் தருவார்கள். கைமாறாக ஒரு முகூர்த்த நாளில் அவர்களோடு லைட் பிடிக்கப் போங்கள். நெரிசலுக்குள் நின்று ஃபோகஸ் பிடிப்பது எப்படி என்று வேறு எங்கும் இவ்வளவு விரைவாகப் படிக்க முடியாது.

ட்ரோன் ஆசையை முதல் படத்துக்கு விட்டுவிடலாம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள், பலாலி விமான நிலையம், படை முகாம்கள் என்று இங்கே அதற்குச் சிக்கல் அதிகம். தென்னை உயரத்தில் இருந்து பார்த்தால்தான் விளங்கும் கதையை மாணவர்கள் எழுதி நான் இன்னும் வாசிக்கவும் இல்லை.

படி 3: கமராவின் தானியங்கிப் புத்தியை நிறுத்துதல்

போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும், நிறத்தை மாற்றும், ஃபோகஸைத் தேடும். பிறந்தநாள் வீடியோவுக்கு அது நல்லது. படத்தில் ஒரே காட்சியின் இரண்டு ஷொட்கள் இரண்டு ஊர்போலத் தெரியும். ஆகவே எல்லாவற்றையும் பூட்ட வேண்டும். பிளக்மேஜிக் கமரா என்ற இலவசச் செயலி ஐபோனுக்கு 2023இலும், அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. உங்கள் போனில் அது ஓடினால் வேறொன்றும் தேட வேண்டாம். ஓடாவிட்டால் போனிலேயே உள்ள புரோ வீடியோ முறையைப் பாருங்கள்.

முதலில் ஃபிரேம் வேகமும் ஷட்டரும். விநாடிக்கு எத்தனை படம் பதிகிறது என்பது ஃபிரேம் வேகம், ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் வெளிச்சம் வாங்குகிறது என்பது ஷட்டர். எங்கள் ரியூப் லைட் பட்டைகளுக்குக் காரணம் இங்கேதான் இருந்தது. இலங்கையின் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதனால் ரியூப் லைட் விநாடிக்கு 100 தடவை மங்கித் தெளிகிறது. கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/50 என்று வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இரண்டு துடிப்பைப் பிடிக்கும், 1/100 என்றால் ஒன்று. எல்லா ஃபிரேமுக்கும் ஒரே அளவு வெளிச்சம், பட்டை இல்லை. 1/60 என்றால் ஒன்றரைக்கு மேல், இரண்டுக்குக் குறைவு என்று கணக்குப் பிசகும், பட்டை ஓடும். யூடியூபில் பாடம் எடுக்கும் பலர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே மின்சாரம் 60 சுற்று, அவர்கள் 30 ஃபிரேமும் 1/60உம் சொல்வது அவர்களுக்குச் சரி. நாங்கள் அதைக் கேட்டு அப்படியே வைத்தோம்.

நமக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. ஐபோனின் சொந்தச் செயலியில் 25 முதலில் தெரியாது. செட்டிங்ஸில் கமராவின் வீடியோப் பகுதிக்குள் பால் (PAL) வடிவங்களைக் காட்டு என்ற தெரிவைத் திறந்தால் வரும். அதே பக்கத்தில் எச்டிஆர் வீடியோவை அணைத்துவிடுங்கள். போனில் அழகாகத் தெரியும் அது, எடிட்டிங்கில் ஏற்றியதும் முகத்தை வெளிறச் செய்யும். 25 இல்லாத போனில் 24 அல்லது 30 வையுங்கள், ஷட்டரை மட்டும் 1/50இல் பிடித்துக்கொள்ளுங்கள். மலிவான எல்ஈடி பல்புகள் சில எந்தக் கணக்குக்கும் அடங்காமல் துடிக்கும். அவற்றை ஒத்திகையில் பார்த்துவிட்டு வேறு பல்பு பூட்டுங்கள்.

வெட்ட வெயிலில் 1/50 வைத்தால் படம் வெள்ளையாக எரிந்துபோகும். பெரும்பாலான போன்களில் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க முடியாது. என்டி ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடியை மாட்டலாம். அது இல்லாவிட்டால் வெளிக்காட்சிகளில் மட்டும் ஷட்டரை உயர்த்துங்கள். ஓட்டமோ சண்டையோ இல்லாத காட்சியில் யாரும் கவனிக்கப் போவதில்லை. இந்த விடயத்தில் விதியைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

ஐஎஸ்ஓ, அதாவது கமரா வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவு, முடிந்தவரை குறைவாக. நிறச் சமநிலையை (வைட் பலன்ஸ்) பகல் வெளியில் 5600 கெல்வினில் பூட்டுங்கள், பழைய மஞ்சள் குண்டு பல்பு என்றால் 3200. ஜன்னல் வெளிச்சமும் ரியூப் லைட்டும் சேர்ந்தால் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் பச்சை என்று வரும். ரியூப் லைட்டை அணைத்துவிட்டு ஆளை ஜன்னலுக்குக் கிட்ட நகர்த்துவதே சுலபம். ஃபோகஸை முகத்தில் வைத்துப் பூட்டுங்கள். விரலால் விரித்து ஸூம் செய்ய வேண்டாம், கிட்டப் போங்கள். மிக அகல லென்ஸில் முகத்தை எடுத்தால் மூக்கு முந்தும்.

4கே வேண்டுமா? ஐபோனில் 4கே, 30 ஃபிரேமில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்பி போகிறது, ஃபுல் எச்டியில் 60. உங்கள் லப்டொப் பழையது என்றால் ஃபுல் எச்டியில் எடுங்கள். அறுந்து அறுந்து ஓடும் 4கேயை வைத்து யாராலும் ஒழுங்காக வெட்ட முடியாது. பிறகு நிறம் திருத்துவதற்காக மங்கலாகப் பதியும் லொக் என்ற சாம்பல் நிற முறையையும் இரண்டாவது படத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 4: வெயிலோடு ஒப்பந்தம்

யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் முடிவிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். மற்ற மாதங்களிலும் பதினொன்று முதல் இரண்டு மணி வரை எடுத்தால் கண்குழிகள் கறுத்து, எல்லோரும் நித்திரை இல்லாதவர்கள் போலத் தெரிவார்கள். அந்த நேரத்தில் சாப்பிடுங்கள், அல்லது விறாந்தையில் எடுங்கள். முற்றத்து வெள்ளை மணலில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் விறாந்தைக்குள் மென்மையாக வரும். அதைப் போன்ற லைட் கடையில் கிடையாது.

சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் மாலை 5.45க்கும் 6.35க்கும் இடையில். மறைந்த பிறகு இருபது நிமிடத்துக்குள் இருட்டிவிடும். வடதுருவத்துப் பக்கம் இருப்பவர்கள் சொல்லும் நீண்ட பொன்மாலை நமக்கு இல்லை. பண்ணைப் பாலத்தில் அந்தி வெளிச்சத்தில் ஒரு காட்சி என்று எழுதினால் நான்கு மணிக்கே போய் ஒத்திகை பார்த்து, மூன்று ஷொட்டோடு முடித்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தைத் திருப்ப ரெஜிபோம் அட்டை, பரப்ப வெள்ளை வேட்டி, குறைக்கக் கறுப்புச் சீலை. இந்த மூன்றையும் வைத்து முக்கால்வாசி வேலை முடியும். வேட்டியை ஜன்னலுக்கு வெளியே கட்டுங்கள், உள்ளே கட்டினால் ஃபிரேமுக்குள் வந்து ஆடும்.

இன்னொன்று. ஐபோனுக்கு அதன் நிறுவனம் சொல்லும் வெப்ப எல்லை 35 பாகை செல்சியஸ். மணற்காட்டு மணலில் வெயிலுக்குள் வைத்த எந்தப் போனும் சூடேறித் திரையை மங்க வைக்கும், பிறகு நின்றுவிடும். ஒரு டேக் (ஒரு தடவை எடுப்பது) முடிந்து அடுத்த டேக் வரை குடைக்குள் வையுங்கள், உறையைக் கழற்றுங்கள். கடற்கரையில் உப்புப் படலம் லென்ஸில் படியும், அரை மணிக்கு ஒரு தடவை துடையுங்கள்.

படி 5: ஒலி

இந்தப் படியை இரண்டு தடவை வாசியுங்கள். காட்சி கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுப்பார், வசனம் விளங்காவிட்டால் எழுந்து போவார்.

மைக் வாய்க்குக் கிட்ட இருக்க வேண்டும். ஒரு சாண் நல்லது, ஒரு முழம் பரவாயில்லை. தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபல் இறங்கும். ஃபான் இரைச்சலோ அறை முழுக்க ஏறத்தாழ ஒரே அளவில் கிடக்கும், அது இறங்காது. தூரத்தில் ரைபொட்டில் நிற்கும் போனின் சொந்த மைக்கில் வசனம் பதிவதில் உள்ள கோளாறு இதுதான். மைக் வாங்கக் காசு இல்லையா? இன்னொரு போனை எடுத்து ஒலிப்பதிவுச் செயலியை ஓடவிட்டு நடிகரின் சட்டைப் பைக்குள் வையுங்கள், அல்லது ஃபிரேமுக்கு வெளியே மேசையில் புத்தகத்துக்குப் பின்னால் ஒளியுங்கள். இரண்டு போனையும் விமான முறையில் போட மறக்க வேண்டாம். எங்களுக்கு மிக நன்றாக வந்த ஒரு டேக்கின் நடுவில் மாமா கனடாவில் இருந்து அழைத்தார்.

ஒலியும் படமும் வேறு வேறாகப் பதிவதால் ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் காட்சி எண்ணைச் சத்தமாகச் சொல்லி, கமராவுக்கு முன்னால் கை தட்டுங்கள். இரண்டு சிரட்டையை அடித்தாலும் சரி. படத்தில் சிரட்டை முட்டும் ஃபிரேமையும் ஒலியில் கூராக எழும் புள்ளியையும் பிறகு பொருத்தலாம். பதிவின் அளவு மானியில் வசனம் -12 டெசிபல் அளவில் ஆடட்டும், கத்தும் இடத்திலும் 0ஐத் தொடக் கூடாது. தொட்டால் கரகரக்கும், எந்த மென்பொருளாலும் அதைச் சரியாகத் திருப்ப முடியாது. ஒலிப்பதிவுச் செயலியின் அமைப்பில் 48 கிலோஹேர்ட்ஸ், வேவ் கோப்பு என்று வையுங்கள்.

அடுத்தது ஊர்ச் சத்தம். இடம் பார்க்கப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். தண்ணி மோட்டர், கோயில் ஒலிபெருக்கி, பாண் ஓட்டோவின் மெட்டு, தோட்டத்து இறைப்பு இயந்திரம், காகம் எல்லாம் அப்போது கேட்கும். நல்லூரில் 25 நாள் திருவிழா நடக்கும்போது அந்தப் பக்கத்தில் வசனக் காட்சி வைக்க வேண்டாம். வைகாசியில் இருந்து அடிக்கும் சோளகக் காற்று மைக்கில் பொம் பொம் என்று இடிக்கும். மைக்கோடு வரும் கறுப்புப் பஞ்சுத் தொப்பி அதற்குப் போதாது. பழைய கரடிப் பொம்மையின் ரோமத் துணியை வெட்டி மேலே சுற்றிக் கட்டுங்கள். தைப்பொங்கல் காலத்தில் பட்டத்தில் பூட்டிய விண் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் நார்) இரவிரவாகக் கூவும். கதை தையில் நடக்கிறது என்றால் அது வரம். இல்லாவிட்டால் பட்டம் விடும் பெடியளோடு போய்க் கதைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தகரக் கூரை வீட்டைத் தெரிவு செய்ய வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

ஃபானை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜின் பிளக்கைக் கழற்றினால் உங்கள் சைக்கிள் திறப்பை அதற்குள் வையுங்கள். திறப்பு இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது, ஆகவே ஃபிரிட்ஜின் பிளக்கைத் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். இரண்டாவது படத்தை எடுத்த வீட்டில் ஆச்சி ஒருவர் எங்களைப் பார்த்து, "என்ன மோனை, ஃபானை நிப்பாட்டிப் போட்டு இப்பிடி வேர்க்க வேர்க்க நிக்கிறியள்?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னோம். அதன் பிறகு பக்கத்து வீட்டு மோட்டரை நிறுத்த வைத்தவரும் அவர்தான்.

கடைசியாக, ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் அசையாமல் நிற்க, ஒரு நிமிடம் வெறும் அமைதியைப் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களில் விழும் ஓட்டையை மூட அது வேண்டும். சிரிப்பு வரும், வரட்டும், திரும்ப எடுங்கள்.

படி 6: படப்பிடிப்பு நாள்

இங்கே தொழில்நுட்பத்தைவிட ஒழுங்கு முக்கியம். ஒவ்வொரு காட்சியையும் முதலில் தூரத்தில் இருந்து முழுதாக, பிறகு இடுப்பளவில், பிறகு முகம் என்று எடுங்கள். இருவர் பேசும்போது அவர்களுக்கு இடையே ஒரு கயிறு கட்டியதாக நினைத்துக் கயிற்றின் ஒரே பக்கத்தில் நின்று எடுங்கள். தாண்டினால் இருவரும் ஒரே பக்கம் பார்த்துப் பேசுவது போல வரும். ரெக்கோர்ட் அழுத்தி ஐந்து விநாடி கழித்துத்தான் நடிப்பு, கட் சொல்லி ஐந்து விநாடி கழித்துத்தான் நிறுத்தம்.

கோட்டை போன்ற தொல்லியல் இடங்களுக்கு முன்கூட்டியே அனுமதி எடுங்கள். நல்லூர் போன்ற கோயில்களின் உள்ளே எடுக்க நினைக்கவே வேண்டாம். முகாம், காவலரண் ஃபிரேமுக்குள் வராமல் பாருங்கள்.

அன்றிரவே எல்லாவற்றையும் யூஎஸ்பி வயரால் லப்டொப்புக்கு மாற்றுங்கள். வட்சப்பில் அனுப்பக் கூடாது, அது வீடியோவை நசுக்கிவிடும். மூன்று பிரதிகள் வேண்டும்: ஒன்று லப்டொப்பில், ஒன்று ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறொருவர் வீட்டில். கோப்புறைகளுக்கு நாள், காட்சி, ஷொட் வரிசையில் 01-03-02 என்று இலக்கப் பெயர் வையுங்கள்.

படி 7: வெட்டி ஒட்டுதல்

டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு மாணவர் படத்துக்கு வேண்டியதற்கு மேலாகவே தரும். ஆனால் அது கனமானது, லப்டொப்பில் 16 ஜிபி ரம் நினைவகம் இருந்தால்தான் சுகமாக ஓடும். அது திணறினால் கேடென்லைவ் அல்லது ஷொட்கட் என்ற இலவச மென்பொருளை எடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரிசோல்வைத் திறந்ததும், கோப்புகளை ஏற்ற முன்னரே, திட்டத்தின் ஃபிரேம் வேகத்தை 25 என்று வையுங்கள். வேலை தொடங்கிய பிறகு அதை மாற்ற விடாது. அதில் பல பக்கங்கள் உண்டு. முதல் படத்துக்கு வெட்ட எடிட், நிறத்துக்குக் கலர், ஒலிக்கு ஃபேர்லைட், வெளியே எடுக்க டெலிவர் போதும். ரிசோல்வ் உங்கள் வீடியோவை உள்ளே எடுத்து வைப்பதில்லை, அது இருக்கும் இடத்தை மட்டும் நினைவில் வைக்கிறது. கோப்புறையை நகர்த்தினால் திரை சிவப்பாகும். பதற வேண்டாம், பழைய இடத்தில் திரும்ப வையுங்கள்.

போனின் சொந்தச் செயலியில் எடுத்தவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. பல போன்கள் 30 என்று சொல்லிவிட்டு 29, 31 என்று மாறி மாறிப் பதியும். தொடக்கத்தில் பொருந்திய உதடும் ஒலியும் போகப் போக விலகும். ஹாண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு ஏற்றினால் தீரும். ஒலியைப் பொருத்த, படக் கோப்பையும் ஒலிக் கோப்பையும் தெரிவு செய்து அலைவடிவத்தை வைத்துப் பொருத்தச் சொன்னால் அதுவே செய்யும். செய்யாத இடத்தில்தான் சிரட்டை கைகொடுக்கும்.

முதலில் வசனங்களை மட்டும் வரிசையாக அடுக்கி, திரையைப் பார்க்காமல் கேளுங்கள். கதை விளங்கினால் படத்தைத் தொடலாம். வெட்டும் இடத்தில் அடுத்த ஆளின் குரல் அரை விநாடி முன்னரே தொடங்கினால் வெட்டு தெரியாது. கலர் பக்கத்தில் ஒரு காட்சியின் ஷொட்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்வதோடு நில்லுங்கள். எல்லாவற்றையும் நீலமும் செம்மஞ்சளுமாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது.

இசை கடைசி. சினிமாப் பாட்டைப் போட்டால் யூடியூபில் உரிமைக் கோரல் வரும். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன இணுவிலும் அளவெட்டியும் பக்கத்தில் இருக்க ஏன் அந்த வேலை? தவில் பழகும் பிள்ளை ஒன்றைத் தேடி, மரத்தடியில் இருத்தி ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள்.

படி 8: தமிழ் எழுத்து

இதை எந்த ஆங்கிலப் பாடமும் சொல்லித்தராது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய பெயர்ப் பட்டியலை அப்படியே ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பை வரும். முதலில் யூனிகோட் என்ற பொது எழுத்துமுறைக்கு மாற்றுங்கள். யூனிகோட்டிலும் சில மென்பொருள்களில் "கொ" உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். அடொப் பிரீமியர் என்றால் விருப்பத் தெரிவுகளில் எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்ற வேண்டும். வேறு எதிலாவது உடைந்தால் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் தலைப்பைச் செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து மேலே வையுங்கள். துணைத்தலைப்பை எஸ்ஆர்டி கோப்பாக (வசனமும் அது வரும் நேரமும் எழுதிய கோப்பு) செய்தால் யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் வடிவில் சேமியுங்கள், இல்லாவிட்டால் கேள்விக்குறிகள்தான் வரும். நடிகர்களின் பெயரை அவர்களிடமே காட்டி எழுத்துப் பிழை பாருங்கள். ல, ள, ழ பிழைத்த பெயரோடு ஊரில் படம் போட முடியாது.

படி 9: வெளியே எடுத்தல், போட்டுப் பார்த்தல்

டெலிவர் பக்கத்தில் எச்.264 என்ற வீடியோ வடிவம், 1920க்கு 1080, 25 ஃபிரேம், விநாடிக்கு 15 முதல் 20 மெகாபிட் என்று எடுங்கள். முதலில் போன் ஸ்பீக்கரில் கேளுங்கள், பிறகு வீட்டு ரீவியில், பிறகு ஹெட்போனில். மூன்றில் ஒன்றிலாவது வசனம் விளங்காவிட்டால் திரும்ப ஃபேர்லைட்டுக்குப் போங்கள். 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேச சினிமா விழா போன்ற இடங்களுக்கு அனுப்புவதென்றால் ஆங்கிலத் துணைத்தலைப்பு வைத்த பிரதியும் வைக்காத பிரதியும் தனித்தனியாக எடுத்து வையுங்கள்.

பாடசாலை மண்டபத்திலோ வாசிகசாலையிலோ போடுவதென்றால் ஒரு மணி நேரம் முன்னரே போங்கள். புரொஜெக்டருக்கு ஒலி போகிறதா, அல்லது லப்டொப்பிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். படத்தை இரண்டு பென் டிரைவில் கொண்டுபோங்கள். பின்வரிசைக் கதிரையில் இருந்து, அப்பம்மா பேசும் இடத்தை மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். மண்டபத்து ஃபான்கள் எல்லாம் சுற்றும்போது கேளுங்கள், ஆட்கள் வந்த பிறகு அவற்றை நிறுத்த விடமாட்டார்கள்.